எண்ணெயில் காணாமல் போன குழாய்

நேற்று மகளுக்கு ஒரு வேடிக்கை காட்டினேன். கண்ணாடி டம்ளரில் சூரியகாந்தி எண்ணெய். அதற்குள் போரோசிலிகேட் (சூடு தாங்கும் ஆய்வகக் கண்ணாடி) சோதனைக் குழாய் ஒன்றை, உள்ளேயும் எண்ணெய் நிரப்பி, இறக்கினேன். முங்கிய பகுதி அப்படியே மாயம்! "அப்பா, உடைஞ்சிடுச்சா?" என்று கையை விட்டுத் தேடினாள்.

தண்ணீரில் போட்டால் நன்றாகவே தெரிகிறது. ஒரு பொருளுக்குள் ஒளியின் வேகம் எவ்வளவு குறைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். தண்ணீருக்கு அது 1.33, எண்ணெய்க்கும் அந்தக் கண்ணாடிக்கும் ஏறக்குறைய ஒரே 1.47. வேகம் மாறினால்தானே ஒளி வளையும், எல்லையில் கொஞ்சம் எதிரொளிக்கும்? இங்கே இரண்டுமே இல்லை. அப்புறம் விளிம்பு எப்படித் தெரியும்? ஜன்னல் கண்ணாடித் துண்டு என்றால் சுமார் 1.52, லேசாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

என் மைனஸ் ஆறு பவர் லென்ஸ் மெலிதாக இருப்பதும் இந்த எண்ணால்தான், அதற்கு 1.67; எண் கூடினால் ஒளி அதிகம் வளையும், மெல்லிய லென்ஸே போதும். (விலையைக் கேட்காதீர்கள்.)

எண்ணெயை மறுபடி கேனில் ஊற்றியது அம்மாவுக்கு இன்னும் தெரியாது.