காட்டெருமைக்குப் பின்னால் யார்?

எங்கள் படிக்கட்டு வரிசையில் லாரிக்காரத் தம்பியும் அவர் மனைவியும் இப்போது பேசிக்கொள்வதில்லை. மேரி அக்கா என்னைப் பார்த்தாலே முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்குகிறார். வீட்டுக்காரர் மார்க்கெட்டில் கடிகாரக் கடை இருக்கும் சந்தைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறார். எல்லாவற்றுக்கும் காரணம் 1974-இல் வந்த ஓர் அமெரிக்கப் படம். பெயர் ‘சைனா டவுன்’.

தனியாகப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சீசன் ஞாயிறு. சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி வேறு. பெட்போர்டில் இறங்கினால் திரும்பி ஏற இரவாகிவிடும். குன்னூர்க்காரர்கள் மே மாதத்தில் அரிசி, பருப்பு, மாத்திரை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் அடைந்துகிடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கம்பளியைப் போர்த்திக்கொண்டு படத்தைப் போட்டேன். பட்டாணி உரிக்கிற சாக்கில் அத்தை முறத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. அதை ஒரு குறையாக அவர் என்றைக்கும் எடுத்துக்கொண்டதில்லை. சீரியலிலேயே சத்தத்தைக் குறைத்துவிட்டு, “மூஞ்சியப் பார்த்தாத் தெரியாதா?” என்கிறவர்.

“ஏங் கண்ணு, இவன் அடுத்தவங்க புருஷன் பின்னாடி போயி போட்டோ எடுக்கறவனா?”

“ஆமாங்க அத்தை. தனியார் துப்பறிவாளர்.”

“பெரியவளுக்கு வரன் பார்த்தப்ப கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தன் வந்து பால்காரன்கிட்ட விசாரிச்சானே, அந்த மாதிரி. அவனுக்கு இந்த மாதிரி கோட்டு இல்ல, பாவம்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. ஜாக் நிக்கல்சன் செய்கிற ஜேக் கிட்டஸ் என்கிற அந்த ஆள் அப்படிக் கணவன் மனைவி சந்தேக வழக்குகளில்தான் சம்பாதிக்கிறான். ஒரு பெண் வந்து, என் புருஷனைக் கவனியுங்கள் என்கிறாள். புருஷன் யார் என்றால் லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தண்ணீர் இலாகாவின் தலைமை இன்ஜினீயர். போட்டோ எடுத்துப் பத்திரிகையில் வந்த பிறகுதான் உண்மையான மனைவி வந்து நிற்கிறாள். முதலில் வந்தவள் போலி. முதலில் அத்தை பட்டாணியில்தான் இருந்தார். இன்ஜினீயர் காய்ந்த ஆற்றுப் படுகையில் இறங்கிக் குதிரைமேல் இருக்கும் ஒரு பையனிடம் ஏதோ கேட்கிற காட்சியும், ஊரே வறட்சி என்று புலம்பும்போது ராத்திரியில் எங்கிருந்தோ தண்ணீர் பாய்ந்து வீணாகப் போகிற காட்சியும் வந்ததும் கை நின்றுவிட்டது.

“தண்ணி விவகாரமா! மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

அதற்குமேல் பட்டாணி உரிபடவில்லை. ராத்திரி சப்பாத்திக்கு ஊறுகாய்தான்.

இருட்டுப் படம், நிழல் படம், ‘நியோ நுவார்’ என்றெல்லாம் எழுதியிருந்ததை நம்பி நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். படத்தில் என்னவென்றால் கண் கூசுகிற வெயில். துரோகம், மோசடி எல்லாம் பெரும்பாலும் பளீரென்ற வெளிச்சத்தில் நடக்கிறது. நமக்கோ சாயங்காலம் நாலு மணிக்கே மேகம் இறங்கி எதிர்வீடு காணாமல் போய்விடும். இந்த மாதிரிப் படத்துக்கு வேண்டிய மப்பு, மந்தாரம், மினுக்கும் தெருவிளக்கு எல்லாம் குன்னூரில் இலவசமாகக் கிடைக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை. அத்தை அந்த வெயிலை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, “அந்த ஊர்ல துணி ஒரே நாள்ல காஞ்சிரும்” என்றார். நாற்பது வருடமாக அடுப்புப் பக்கம் சாக்ஸ் காயவைக்கிறவரின் விமர்சனம் அது. சினிமா பத்திரிகைக்காரர்கள் யாருக்கும் இது தோன்றியிருக்காது.

துப்பறிவாளன் மூக்கைக் கத்தியால் கீறுகிற இடத்தில் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். கத்தி வைத்திருக்கும் குள்ளமான ஆள்தான் படத்தின் இயக்குநர் ரோமன் போலான்ஸ்கி என்று அறிவித்தார்.

“டைரக்டரே ஹீரோ மூக்கை அறுக்கறானா? சம்பளத் தகராறா இருக்கும்.”

அதன்பிறகு பாதிப் படத்துக்கு நாயகன் மூக்கில் பெரிய கட்டோடுதான் திரிகிறான். எந்த நம் ஊர் நடிகர் இதற்கு ஒப்புக்கொள்வார்? ஒரு பாட்டு முடிவதற்குள் ஆறியிருக்கும்.

வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் உடனே மூடமாட்டார். கதை நடப்பது 1937-இல், ஆனால் நிஜக் கதை அதற்கும் முன்னால் என்று தொடங்கினார். ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 375 கிலோமீட்டர் கால்வாயும் குழாயும் போட்டு 1913-இல் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வில்லியம் மல்ஹாலண்ட் என்ற இன்ஜினீயர்தான் செய்தார். பம்பே கிடையாது, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடி வருகிற கணக்கு. பள்ளத்தாக்கு காய்ந்ததும் 1924-இல் அந்த ஊர் ஆட்கள் கால்வாய்க்கு வெடியே வைத்துவிட்டார்கள். இதையெல்லாம் வைத்து ராபர்ட் டவுன் எழுதிய திரைக்கதை. பதினோரு ஆஸ்கர் பரிந்துரை, கிடைத்தது அந்தத் திரைக்கதைக்கு மட்டும்.

அத்தைக்கு ஆஸ்கர் காதில் விழவில்லை. “மேட்டுல இருந்து பள்ளத்துக்கு” என்பது மட்டும் விழுந்தது. அடுத்து, தண்ணீர் வரப்போகிற நிலங்களையெல்லாம் முதியோர் இல்லத்துக் கிழவர் கிழவிகள் பெயரில் அவர்களுக்கே தெரியாமல் வாங்கியிருக்கிறார்கள், அதில் ஒருவர் செத்தே போனவர் என்று தெரிந்ததும் முறத்தைத் தள்ளி வைத்தார்.

“செத்தவன் பேருல பத்திரமா? இது அமெரிக்காக் கதையே இல்ல. இங்கிருந்து யாரோ போயிச் சொல்லியிருக்காங்க.”

கடைசிப் பகுதியில் ஒரு குடும்ப ரகசியம் உடைகிறது. அதை மாமியாரோடு உட்கார்ந்து பார்க்க என்னால் ஆகாது. டீ போட எழுந்துவிட்டேன். திரும்பி வந்தபோது படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அத்தை என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து, “கெட்டவன் நல்லாத்தான் இருக்கான், இல்ல?” என்றார். ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டு எழுந்துபோய்க் குழாயைத் திறந்து பார்த்தார். இருமியது. சொட்டு வரவில்லை.

எங்கள் தெருத் தண்ணீர்க் கதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகையில் சுவர் வியர்க்கிற அளவுக்கு மழை. அப்போது மண் சரிந்து ரோடு போகும், மலை ரயில் நிற்கும். சித்திரை வந்தால் குடத்தை வரிசையில் வை. ரேலியா அணையில் தண்ணீர் எந்த அளவில் இருக்கிறது என்பதைத் தங்கம் விலை மாதிரி விசாரிப்போம். லைனில் திறந்துவிட்டாலும் பள்ளத்து வீடுகள் நிரம்பிய பிறகுதான் மேட்டுக்கு ஏறும். அதிலும் யாராவது லைனில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் நமக்குக் காற்றுதான். கீழே புதிதாக ஒரு காட்டேஜ் முளைத்திருக்கிறது. வாரக் கடைசியில் அங்கே வருகிறவர்கள் குளிக்கிற குளியலை நினைத்தாலே அத்தைக்கு ரத்த அழுத்தம் ஏறும். அதன் எதிரில் ராத்திரி நிற்பது லாரிக்காரத் தம்பியின் தண்ணீர் லாரி. அத்தைக்கு வழக்கு அன்றைக்கே கட்டமைந்துவிட்டது.

மறுநாளிலிருந்து இரவுக் காவல். குரங்குக் குல்லா, மாமாவின் பழைய ஸ்வெட்டர், டார்ச், ஒரு தட்டு வறுக்கி. ஜன்னலோரம் நாற்காலி. துப்பு எழுத நோட்டு வேண்டுமென்று பால் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டார். அதை நீங்கள் பார்க்க வேண்டும். ‘செவ்வாய் அரை லிட்டர். 11.20 மோட்டார் சத்தம். புதன் ஒரு லிட்டர். வெள்ளைக் கார், உள்ளே இரண்டு ஆள், ஒருத்தி தலைமுடி கத்தரித்தவள். வியாழன் பால் இல்லை. டங் என்று சத்தம், பிறகு சளசள.’ பால்காரர் மாதக் கடைசியில் அதைப் படித்துவிட்டு, “அம்மா, அந்தக் கத்தரிச்ச பொண்ணுக்கும் நான்தான் பால் ஊத்தினேனா?” என்று கேட்டுக் குழம்பினார்.

படத்தில் கிட்டஸ் ஒரு காரைப் பின்தொடர்வதற்காக அதன் பின்விளக்கில் ஒன்றை உடைத்துவிடுவான். இருட்டில் ஒற்றை விளக்கு எரிந்தால் அதுதான் நம் கார் என்று தெரியுமாம். அத்தை அம்மிக் குழவியை எடுத்துக் கையில் எடை பார்த்தபோது நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். அந்த லாரியில் ஏற்கெனவே ஒரு விளக்குதான் எரிகிறது, உடைத்தால் அதுவும் போய் மரப்பாலம் வளைவில் யார் மேலாவது ஏறும் என்று சொல்லிப் புரியவைத்தேன். சரி என்று இரண்டாவது உத்திக்குப் போனார். நின்றிருக்கும் காரின் சக்கரத்துக்கு அடியில் கிட்டஸ் ஒரு கடிகாரத்தை வைப்பான். கார் கிளம்பும்போது நசுங்கி நிற்கும். முள் எதில் நிற்கிறதோ அதுதான் கார் போன நேரம். ராத்திரி முழுக்கக் குளிரில் விழித்திருக்க வேண்டாம். இந்த ஒன்றுக்காகவே அந்தப் படத்தை நம் ஊர் வாட்ச்மேன்களுக்குப் போட்டுக் காட்டலாம்.

அத்தை எடுத்தது மாமாவின் எச்.எம்.டி. ஜனதா. அருவங்காட்டில் ஷிப்டுக்குப் போன காலம் முழுக்க மாமா கையில் இருந்தது. எனக்குத் திக்கென்றது. “இது வேண்டாங்க அத்தை, வேற பார்க்கலாம்” என்றேன்.

“உங்க மாமா கடைசி வரைக்கும் இந்தத் தெருத் தண்ணியப் பத்தித்தான் மனு எழுதிட்டு இருந்தாரு. அவரு வாட்சும் கொஞ்சம் வேலை செய்யட்டும்” என்றார். நான் அதற்குமேல் பேசவில்லை.

காலையில் லாரி போயிருந்தது. வாட்ச் சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. கண்ணாடியில் ஒரு கீறல், அவ்வளவுதான். முள் நாலு பத்தில் நின்றிருந்தது. அத்தை அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்று தெருவைக் கூட்டினார். நாலு பத்துக்குத் தண்ணீர் லாரிக்கு என்ன வேலை? யார் வால்வைத் திறந்தது? எங்கே நிரப்பினாய்? லாரிக்காரத் தம்பி, “ஆறு மணிக்கு டீ குடிச்சிட்டுத்தாம்மா எடுத்தேன், நாலு மணிக்கு வீட்டுல தூங்கிட்டு இருந்தேன்” என்று சத்தியம் செய்தார். அங்கேதான் வினை. பின்னால் நின்ற அவர் மனைவி, “லாரியிலதான் படுத்தேன்னு எங்கிட்டச் சொன்னே?” என்று கேட்டாள். தெரு அமைதியாகிவிட்டது.

சந்தேகப் புருஷன் வழக்கில் ஆரம்பித்துத் தண்ணீர் வழக்கில் போய் நின்றான் கிட்டஸ். எங்கள் அத்தை தண்ணீரில் ஆரம்பித்துச் சந்தேகப் புருஷனில் கொண்டுவந்து நிறுத்தினார்.

அன்று ராத்திரிதான் வீட்டுக்காரர் கம்பளிக்குள்ளிருந்து மெல்லச் சொன்னார். மாமாவுக்கு வருஷத் திதி வந்தபோது அந்த வாட்சை ஓடவைத்து அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று மார்க்கெட்டில் காட்டினாராம். ஸ்பிரிங் போய்விட்டது, பாகம் கிடைக்காது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டாராம். அன்றைக்கே முள் நாலு பத்தில்தான் நின்றிருந்ததாம்.

“காலையிலயே சொல்லியிருக்கலாம்ல?”

“அம்மா அத்தனை பேர் முன்னாடி நின்னுட்டு இருந்தாங்க” என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் உண்மை தானாக நடந்து வீட்டு வாசலுக்கு வந்தது. தேயிலை பறிக்கப் போகிற அக்காக்கள் சாவகாசமாகச் சொன்னார்கள். “காடெல்லாம் காஞ்சு கிடக்கு, உங்க படிக்குக் கீழ ஒரு இடம் மட்டும் சேறாக் கெடக்கு. காட்டெருமை வந்து புரண்டுட்டுப் போவுது.” போய்ப் பார்த்தோம். செடிகளுக்கு நடுவே தரைக்கு மேலே ஓடும் குழாயில் ஒரு இணைப்பு விட்டிருந்தது. ஆயிரம் கிலோ உருப்படி ஒன்று காலை வைத்தால் எது தாங்கும்? ராத்திரி லைனில் திறந்துவிடும் தண்ணீர் அத்தனையும் அங்கேயே கொட்டி ஓடைக்குப் போயிருக்கிறது. நோட்டில் இருந்த ‘டங்’கும் ‘சளசள’வும் அதுதான். படத்தில் குதிரைப் பையன் சொன்னதும் இதே சங்கதிதான், ராத்திரியில் தண்ணீர் வருகிறது என்று. விசாரிக்க வேண்டியவர்களை யாரும் முதலில் விசாரிப்பதில்லை.

சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னோம். ஆள் வருவார் என்றார்கள். வந்தவர் ஒரு சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டிவிட்டு, சீசன் முடியட்டும் என்று போனார். அது இன்னும் கட்டியபடியேதான் இருக்கிறது. காட்டேஜ் வாசலில் மட்டும் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள்.

அத்தை இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. “காட்டெருமைதான் மிதிச்சது, ஒத்துக்கறேன். குழாயைத் தரைக்கு மேல போட்டது காட்டெருமையா? பள்ளம் தோண்டறதுக்குன்னு பில் போட்டவன் யாரு? காட்டெருமைக்குப் பின்னாடி யாரு இருக்கா, அதைச் சொல்லு” என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. கிட்டஸுக்கும் தெரிந்திருக்காது.

நேற்று வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் உண்டு, 1990-இல் வந்தது, நிக்கல்சனே இயக்கினார், அதில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் விவகாரம் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது பூமிக்கடியில் இருக்கும் எண்ணெய். அத்தை அதைக் கேட்கக் காத்திருக்கவில்லை.

“ரேஷன்ல ரெண்டு மாசமா பாமாயில் வரல, கவனிச்சியா கண்ணு?” என்று பால் நோட்டில் புதுப் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கிறார்.