240இசட்டின் ஆர்180 டிஃப் எல்28 இன்ஜினைத் தாங்குமா? நான் தெரிந்துகொண்டது

கோலாலம்பூரில் பழைய கார் வைத்திருக்கும் நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் "அந்த டிஃப் எத்தனை குதிரை தாங்கும்?" என்பதில் வந்து நிற்கும். டிஃப் என்றால் டிஃபரென்ஷியல், இன்ஜின் சக்தியைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பின்பக்கக் கியர் பெட்டி; 240இசட்டில் இருப்பது ஆர்180 என்ற டிஃப். என் 1972 டாட்சன் 240இசட்டில் இருந்த 2.4 லிட்டர் எல்24 இன்ஜினை இறக்கிவிட்டு, மூன்று கார்புரேட்டரோடு 2.8 லிட்டர் எல்28 ஏற்றியபோது நானும் அதைத்தான் கேட்டேன். ஒருவர் 200 என்றார். இன்னொருவர் 250 வரைக்கும் பயமில்லை என்றார். தன் வண்டியில் 180க்கே உடைந்துவிட்டது என்றார் மூன்றாமவர். மூன்று பேருமே கையில் கிரீஸ் பட்டவர்கள், பொய் சொல்லும் ரகமில்லை. ஒரே டிஃப்புக்கு ஏன் இத்தனை எண் என்பதுதான் என்னை விடவில்லை.

இன்ஜின் நம்பர் வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்டில் இருப்பதால் அதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை), புஸ்பகோம் (வாகனப் பரிசோதனை நிலையம்) என்று அலைய வேண்டியிருந்தது. டிஃப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தானோ என்னவோ, இன்ஜின் மாற்றுகிறவர்கள் பலர் பின்பக்கத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

புது இன்ஜினோடு காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் ஓட்டும்போது, ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம். டிஃப் போய்விட்டது என்றே நினைத்து, சான் சோவ் லின் பக்கம் பழைய நிசான் வண்டிகளையே பார்க்கும் ஃபோர்மேன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் டிஃப்பைத் தொடவே இல்லை.

"பவர் பத்தி அப்புறம் பேசலாம் தம்பி. மொதல்ல மவுண்ட்ட பாருங்க லா."

வண்டியைத் தூக்கி, டிஃப்பின் மூக்குக்கு அடியில் ஒரு கம்பியைக் கொடுத்து மேலே நெம்பினார். டிஃப்பை வண்டியோடு பிணைக்கும் முன் மவுண்ட்டின் ரப்பர் குறுக்கே கிழிந்து வாய் திறந்தது, என் சுண்டுவிரல் உள்ளே போகும் அளவுக்கு. கியரில் வண்டி முன்னே பாயும்போது பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், தான் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் ஏறப் பார்க்கும், அதனால் டிஃப்பின் மூக்கு மேலே எழும்பும். அதை அடக்கத்தான் நிசான்காரன் மேலே ஒரு பட்டை போட்டிருக்கிறான். என் வண்டியில் மூக்கு இடித்து இடித்து அந்தப் பட்டை ஓரிடத்தில் பளபளவென்று தேய்ந்திருந்தது.

அடுத்து, டிஃப்பிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் ஹாஃப் ஷாஃப்ட்டுகள். இடதுபக்க யு-ஜாயிண்ட் (ஷாஃப்ட் கோணத்தில் சுழல உதவும் மூட்டு) மூடியின் விளிம்பில் செந்தூரம் பூசினாற்போல் சிவப்புத் தூள். உள்ளே ஊசி பேரிங் காய்ந்து துருப்பிடித்து அரைபடுவதற்கு அதுதான் அடையாளம். 1971 நடுவில் நிசான் டிஃப்பை 35 மி.மீ. பின்னுக்குத் தள்ளி வைத்ததால், அதற்குப் பிந்தைய வண்டிகளில் ஷாஃப்ட் கோணம் குறைவு. அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஜாயிண்ட்டுகளை அடிக்கடி பார்ப்பது நல்லது.

மவுண்ட்டும் ஜாயிண்ட்டுகளும் மாற்றியதும் சத்தம் முக்கால்வாசி அடங்கிவிட்டது. எத்தனை பேர் இந்தச் சத்தத்தைக் கேட்டு நல்ல டிஃப்பைக் கழற்றி வீசியிருப்பார்களோ!

இப்போது கணக்குக்கு வருவோம். டிஃப்புக்குக் குதிரைசக்தி தெரியாது, டார்க் என்ற முறுக்கு விசைதான் தெரியும். அதுவும் கியர்பாக்ஸ் பெருக்கிக் கொடுத்த டார்க். என் எல்28 டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் கருவி) சுமார் 240 நியூட்டன் மீட்டர் காட்டியது. நாலாம் கியர் நேர் கியர், அதாவது 1க்கு 1, டிஃப் விகிதம் 3.9. ஆக கிரவுன் வீலுக்கு வருவது 936. முதல் கியர் விகிதம் ஏறக்குறைய 3, அதில் அதே இன்ஜின் 2,800 கொடுக்கும். ஒரே குதிரைசக்தி, ஆனால் பல் மேல் விழும் சுமை மூன்று மடங்கு.

அந்த 2,800 முழுவதும் பல்லுக்குப் போகுமா என்றால், டயர் வழுக்காமல் பிடித்தால்தான் போகும். வண்டி ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேல். கிளம்பும்போது பின்சக்கரங்களில் 600 கிலோ உட்காருகிறது என்று வையுங்கள். சாதாரணச் சாலை டயரின் பிடிமானம் 0.9, சக்கர ஆரம் சுமார் 0.3 மீட்டர் என்றால், 1,600 நியூட்டன் மீட்டர் பக்கத்திலேயே டயர் வழுக்கிவிடும். அதற்கு மேல் டிஃப்புக்குச் சுமை ஏறாது. அகலமான செமி-ஸ்லிக் (ரேஸ் டயருக்கு நெருக்கமான, பிடிமானம் கூடிய டயர்) போட்டால் அந்த வரம்பு 2,000ஐத் தாண்டிப் போகும். கிளட்ச்சைப் படக்கென்று விட்டாலோ, சக்கரம் துள்ளித் துள்ளிப் பிடித்தாலோ வரும் அடி இந்தக் கணக்கிலேயே சேராது.

180க்கு உடைத்தவர் டிராக் ஓட்டுகிறவர், நல்ல டயர். 250 என்றவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் உலு யாம் பக்கம் போய்வருகிறவர். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

சுபாரு எஸ்டிஐயிலும் ஆர்180தானே, அது 300 குதிரையாயிற்றே என்று கேட்பார்கள். அங்கே முன்சக்கரங்களும் சுமையில் பங்கு வாங்கிக்கொள்கின்றன. அந்த எண்ணை அப்படியே நம் வண்டிக்குக் கொண்டுவர முடியாது.

இதோடு விட்டிருந்தால் ஆர்180யோடேயே ஓட்டியிருப்பேன். ஆனால் ஆயிலை வடித்தபோது அதில் மினுமினுப்பு இருந்தது, திறந்துவிட்டோம். கிரவுன் வீல் பற்கள் அருமையாக இருந்தன. கெட்டுப்போயிருந்தது நடுவில் உள்ள சின்ன ஸ்பைடர் கியர்கள். அவை சுழலும் குறுக்கு முள் சூட்டில் நீலம் பாய்ந்து வரிவரியாகக் கீறியிருந்தது. எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இல்லாத டிஃப்பில் ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றும்போது, வேகமெல்லாம் அந்தச் சின்ன கியர்கள் மேல்தான் விழும். மழை நனைத்த வளைவுகளில் உள்சக்கரம் சுற்றிச் சுற்றி வந்த தேய்மானம் இது. பெரிய பவரால் வந்ததில்லை.

ஆர்180க்குச் செலவு செய்வதைவிட ஆர்200க்குப் போவதே மேல் என்று முடிவெடுத்தேன். பெயரிலேயே இருப்பதுபோல் கிரவுன் வீல் விட்டம் 180க்குப் பதில் 200 மி.மீ. பாதியாக வெட்டி இறக்கிய பழைய வண்டிகளை விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் ஆர்200 கேட்டால் சில்வியா, ஸ்கைலைன் வண்டிகளில் வருவதை எடுத்துக் காட்டுவார்கள். அவை குட்டை மூக்கு, நம் வண்டியில் நேராக உட்காராது. நமக்கு வேண்டியது நீள மூக்கு: 280இசட், 280இசட்எக்ஸ், இசட்31 300இசட்எக்ஸ் காலத்தது. கிளாங் பக்கம் ஒரு தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) 280இசட்எக்ஸ் டிஃப் ஒன்று கிடைத்தது. விகிதம் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. பின்மூடியைக் கழற்றி எண்ணினோம்: கிரவுன் வீலில் 37 பல், பினியனில் 10. ஆக 3.7.

எனக்கு அதுவே பிடித்தது. 3.9க்குப் பதில் 3.7 என்றால், ஐந்தாம் கியரில் 110 கிலோமீட்டரில் போகும்போது இன்ஜின் 3,100க்குப் பதில் 2,950 சுற்றில் நிற்கும். கிரவுன் வீலுக்கு வரும் டார்க்கும் கொஞ்சம் குறையும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. பின்னால் டிஃப்பைத் தாங்கும் மீசைப் பட்டை ஆர்200க்கு உரியதாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து டிஃப்புக்கு வரும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தையும் ஃபிளேஞ்ச் (இணைப்புத் தட்டு) துளைகளையும் அளந்து பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். பக்கத்து ஃபிளேஞ்ச் ஆர்180யில் போல்ட்டில் நிற்கும், ஆர்200யில் கிளிப்பில் நிற்கும், நெம்பினால் வந்துவிடும்.

கிளட்ச் வகை எல்எஸ்டி ஒன்றும் உள்ளே போட்டோம். டிஃப் விலையைவிட அதற்குத்தான் அதிக வெள்ளி போனது, ஆனாலும் நான் செய்த செலவுகளிலேயே மனசுக்கு நிறைவானது அதுதான். அதை ஏற்றினால் கிரவுன் வீலை மறுபடி செட் செய்தாக வேண்டும். டயல் கேஜ் வைத்து, பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி 0.13க்கும் 0.18 மி.மீ.க்கும் நடுவில் வரும்வரை ஃபோர்மேன் ஷிம் என்ற மெல்லிய தகடுகளை மாற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம் பற்களில் நீல மை தடவி, கையால் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஓரத்தில் விழுந்தால் 200 மி.மீ. இருந்தும் பயனில்லை, பல் முனையிலேயே உடையும். இந்த வேலையில் அவசரப்படுகிறவரிடம் டிஃப்பைக் கொடுக்காதீர்கள்.

எல்எஸ்டிக்கு உரிய ஜிஎல்-5 ஆயில் ஊற்றி, முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, வடித்துப் புதிதாக ஊற்றினேன். இப்போது சத்தமில்லை, மழையிலும் பின்பக்கம் நேராகத் தள்ளுகிறது.

டிஃப் இனி உடையாது என்றால், அடுத்து மெலிந்தது எது? சக்கரப் பக்கத்து ஸ்டப் ஆக்சில். 240இசட்டில் அது 25 ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்டில் வெட்டிய பற்கள்), 280இசட்டில் 27. செமி-ஸ்லிக் போடும் எண்ணம் இருப்பதால், இப்போது அந்த 27 ஸ்ப்ளைன் ஜோடியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.