ரோடு கிராசிங்கில் எடுத்த ஆஃப் ரீடிங்

மண்ணுக்கடியில் போகும் இரும்புக் குழாய் துருப்பிடிக்காமல் இருக்க அதற்குக் கரண்ட் கொடுப்பார்கள். அது போதுமா என்று ரோட்டைக் கடக்கும் இடத்தில் அளந்துகொண்டிருந்தோம். "ஆன் தொள்ளாயிரத்தைத் தாண்டுதே தம்பி, அதையே எழுதிட்டுப் போயிடலாமே" என்றார் சூப்பர்வைசர். கரண்ட் ஓடும்போது எடுத்த ஆன் −980 மில்லிவோல்ட், நிறுத்திய நொடியில் எடுத்த ஆஃப் −790. "சார், ஆஃப் எண்ணூறுகூட வரலையே" என்றேன். அந்தப் பேச்சு இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒப்பிட்டு அளக்க உதவும் காப்பர் சல்பேட் செல்லை ஈர மண்ணில் ஊன்றி எடுக்கும் ஆன் ரீடிங்கில், மண்ணில் ஓடும் கரண்டின் வோல்டேஜ் இழப்பும் சேர்ந்தே வரும். கரண்டை விட்டுவிட்டு நிறுத்தும் இன்டரப்டர் போட்டு, கரண்ட் அறுந்த நொடியில் கிடைப்பதைத்தான் குழாயின் கணக்கில் சேர்க்க முடியும். அது −850-ஐயாவது தொட வேண்டும்; மைனஸ் பக்கம் எண் கூடினால்தான் பாதுகாப்பு கூடும். அங்கே 190 மில்லிவோல்ட் மண்ணோடு போயிருந்தது.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. கரண்ட் இல்லாத இயல்பு நிலையிலிருந்து 100 மில்லிவோல்ட் நகர்ந்திருந்தாலே போதும் என்று இன்னொரு அளவுகோல் உண்டு. ஆனால் அதைக் காட்ட, குழாய்க்குக் கரண்ட் கொடுக்கும் டி.ஆர். யூனிட்டை அணைத்துவிட்டு, குழாய் பழைய நிலைக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அத்தனை நேரம் பாதுகாப்பில்லாமல் விட யாருக்கும் மனம் வரவில்லை.

கடைசியில் யூனிட்டை 8 ஆம்பியரிலிருந்து 11-க்கு ஏற்றினோம். கிராசிங்கில் ஆஃப் −860 வந்தது. யூனிட்டுக்கு அருகில் −1160. −1200-ஐத் தாண்டினால் இரும்பின் மேல் ஹைட்ரஜன் கிளம்பி, நன்றாக இருக்கும் கோட்டிங்கையே தூக்கிவிடும். ஓரிடத்தைக் காக்கப்போய் இன்னோரிடத்தை விளிம்புவரை தள்ளியிருக்கிறோம். வேறு வழி இருந்ததா? அன்றைக்கு இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பிறகாவது ரோட்டை வெட்டிப் பார்த்திருக்கலாம். என்னை உறுத்துவது வெல்டு ஜாயிண்டில் போட்ட ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்தான், அதாவது சூடுகாட்டிச் சுருக்கி ஒட்டும் பிளாஸ்டிக் உறை. துருவை அடித்துச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிங் சரியில்லாமலோ, குழாயைப் போதுமான அளவு சூடாக்காமலோ ஸ்லீவைச் சுருக்கினால் பசை பிடிக்காது. விளிம்பு வழியே தண்ணீர் உள்ளே போய்த் தங்கும். ஸ்லீவ் கரண்டை உள்ளே விடாது. வெளியே ரீடிங் எவ்வளவு நன்றாக வந்தாலும் உள்ளே துரு நடந்துகொண்டே இருக்கும். குழாய்ச் சுவரில் ஓட்டை விழச் சில கிராம் இரும்பு கரைந்தால் போதும். மண்ணின் மேலிருந்தே வோல்டேஜ் வித்தியாசத்தை அளக்கும் டி.சி.வி.ஜி. சர்வே கோட்டிங்கில் உள்ள ஓட்டையைக் காட்டும். ஒட்டாமல் நிற்கும் ஸ்லீவைப் பெரும்பாலும் காட்டாது. அப்படியென்றால், ஆஃப் ரீடிங்குக்காக அவ்வளவு வாதாடியதில் என்ன பயன்?

பயன் இருக்கிறது என்றே நம்புகிறேன். ரிப்போர்ட்டில் இரண்டு ரீடிங்கையும் எழுதி, கிராசிங்கில் குழி தோண்டி ஸ்லீவைப் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்தோம். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். குழி இன்னும் தோண்டப்படவில்லை. −860 இருக்கும்போது ரோட்டை ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள்.