சுருட்டுப் பெட்டிக்குள் ஒரு சுதந்திரப் போர்

இருபதுக்கு நான்கு. நம் கல்லூரியில் நான் வாங்கிய ஆகக் குறைந்த புள்ளி அதுதான். அதுவும் கணிதத்தில் அல்ல, நான் கெட்டிக்காரன் என்று நம்பியிருந்த சரித்திரத்தில்.

1976ஆம் ஆண்டு. நாங்கள் உயர்தர வகுப்பில் இருந்தோம். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்கு இருநூறு வயதாகிறது என்று சொல்லி, எங்கள் சரித்திர மாஸ்டர், பிரித்தானிய மன்னனுக்கு எதிராக அமெரிக்கக் குடியேறிகள் நடத்திய அந்தப் போரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வரச் சொன்னார். நான்கு பக்கம் எழுதினேன். பொஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதில் தொடங்கி, 1781இல் யோர்க்டவுனில் பிரித்தானியத் தளபதி கோர்ன்வாலிஸ் சரணடைந்தது வரை ஒன்றையும் விடவில்லை. கடைசிப் பந்தியில், ‘குடியேறிகளுள் சில சுயநலவாதிகளும் துரோகிகளும் மட்டுமே மன்னன் பக்கம் நின்றார்கள்’ என்று ஒரு வரி. அதன் கீழே சிவப்பு மையில் இரண்டே சொற்கள்: ‘யார் சொன்னது?’

அவரிடம் படித்தவர்களுக்கு அந்தக் கேள்வி மறந்திருக்காது. எதைச் சொன்னாலும் அதைத்தான் கேட்பார். பாடம் முடிந்து மணி அடித்துவிட்டது என்றால்கூட, “யார் சொன்னது?” நாங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரும் அதுதான். அது அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும்.

மறுநாள் ஒரு வெற்றுச் சுருட்டுப் பெட்டியுடன் வகுப்புக்கு வந்தார். புகையிலை வாசம் முன்வாங்கு வரை அடித்தது. பழைய ரோணியோ வினாத்தாள்களைக் கிழித்து மடித்த முப்பது சீட்டுகள் அதற்குள் கிடந்தன. ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். ஆறு சீட்டுகளில் ‘மன்னன்’, பன்னிரண்டில் ‘காங்கிரஸ்’ (சுதந்திரம் கேட்ட குடியேறிகளின் பேரவை), மீதி வெறுந்தாள். எனக்கு வந்தது ‘மன்னன்’. பக்கத்தில் இருந்த என் வாங்குத் தோழன் தன் சீட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு பார்த்தான். பிறகு என்னிடம் பென்சிலை இரவல் கேட்டான். கொடுத்தேன். மாஸ்டர் எழும்பச் சொன்னபோது அவன் ‘காங்கிரஸ்’ பக்கம் போய் நின்றான்.

“நீ ஏன் மன்னன் பக்கம் போனாய்?” என்று மாஸ்டர் என்னைக் கேட்டார்.

“நான் போகவில்லை, சேர். சீட்டு வந்தது.”

“அதுதான் நீ எழுதியிருக்க வேண்டிய கட்டுரை. இரு.”

அதன் பிறகு இரண்டு பாடவேளைகள் போனது தெரியவில்லை. பதின்மூன்று குடியேற்றங்களிலும் அடிமைகளையும் சேர்த்து ஏறக்குறைய 25 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். வெள்ளையர்களில் ஐந்தில் ஒருவர் மன்னன் பக்கம் என்பது வரலாற்று ஆசிரியர்களின் மதிப்பீடு. அவருடைய ஆறு சீட்டுகளின் கணக்கும் அதுதான். அந்த ஐந்திலொருவரைப் பணக்கார வியாபாரி என்றும் கவர்னரின் கையாள் என்றும் புத்தகம் தள்ளிவிடுகிறது, ஆனால் நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றங்கரையைப் பாருங்கள் என்றார். அங்கே லிவிங்ஸ்டன் குடும்பம் பெரும் நிலச்சுவான்தார்கள். சுதந்திரப் பக்கத்தில் முன்னணியில் நின்றவர்கள். ஆகவே அவர்களின் குத்தகைக்காரர்கள் பலர் மன்னன் பக்கம் சாய்ந்தார்கள். லண்டன் மன்னன் மேல் அவர்களுக்குப் பாசம் என்று எவரும் சொல்ல முடியாது. காணிக்காரன் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம், அவ்வளவுதான். “வேலிச் சண்டை தெரியாத ஆள் இந்த வகுப்பில் யாரும் இருக்கிறீர்களா?” என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் கேட்கும் கேள்வியா அது? எல்லோரும் சிரித்தோம்.

வட கரோலைனாவில் குடியேறியிருந்த ஸ்கொட்லாந்து மலைநாட்டவர் கதை இன்னும் விசித்திரம். 1746இல் இதே அரச வம்சத்துக்கு எதிரான கலகம் குலொடன் களத்தில் நசுக்கப்பட்ட பிறகு, விசுவாசப் பிரமாணம் செய்து உயிர் தப்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து, 1776 பெப்ரவரியில், அந்த மக்களே மன்னனுக்காக வாளேந்திப் போய் மூர்ஸ் கிரீக் பாலத்தில் தோற்றார்கள். தோற்ற கலகத்தின் விலையை அறிந்தவன் இரண்டாவது கலகத்தில் சேர யோசிப்பான் என்றார் மாஸ்டர்.

வெறுஞ்சீட்டுக்காரர்கள் தாங்கள் தப்பிவிட்டதாக நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு அவர் 1777ஆம் ஆண்டின் பென்சில்வேனியாச் சட்டத்தைச் சொன்னார். புதிய அரசுக்குச் சத்தியம் செய்யாதவன் வாக்களிக்க முடியாது, கொடுத்த கடனுக்கு வழக்குப் போட முடியாது, காணி வாங்கவோ விற்கவோ முடியாது. சத்தியம் செய்வதே பாவம் என்று நம்பிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இரண்டு பக்கத்தாரிடமும் அடி வாங்கினார்கள். சிரிப்பு நின்றது.

ஆனால் அந்த நாளில் என்னைப் பிடித்துக்கொண்டது பிராங்கிளின் வீட்டுக் கதைதான். இடிமின்னலில் பட்டம் விட்ட பெஞ்சமின் பிராங்கிளின் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் நிற்பான். அந்தப் பையன் பையனே அல்ல. 1752இல் தந்தைக்குக் கைகொடுத்த வில்லியமுக்கு ஏறக்குறைய இருபத்தொரு வயது. பிறகு அவர் நியூ ஜேர்சியின் கவர்னர் ஆனார். 1776இல் தந்தை சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். மகன் மன்னனுக்கு இட்ட கையெழுத்தை மாற்றமாட்டேன் என்று நின்று கைதானார். கனெற்றிகட்டில், லிச்பீல்ட் சிறையில், எட்டு மாதம் போலத் தனிமைச் சிறை. நியூயோர்க்கில் மனைவி எலிசபெத் சாகக் கிடந்தார். ஒருமுறை பார்த்து வர அனுமதி கேட்டார் வில்லியம். ஜோர்ஜ் வாஷிங்டன் மனம் இரங்கி விண்ணப்பத்தைக் காங்கிரசுக்கு அனுப்பினார். காங்கிரஸ் மறுத்தது. 1777 ஜூலையில் அந்தப் பெண் இறந்தார். தந்தை அப்போது பாரிஸில் தூதர். வில்லியமின் சொந்த மகனையே செயலாளராகக் கூட வைத்திருந்தார்.

போர் முடிந்து 1784இல் மகன் சமாதானம் கேட்டு எழுதினார். முதுமையில் ஒரே மகன் தன்னைக் கைவிட்டதைப் போல வேறெதுவும் தன்னை நோகடிக்கவில்லை என்று தந்தையிடமிருந்து பதில் வந்தது. அடுத்த ஆண்டு சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் கடைசியாகச் சந்தித்தார்கள்; பேச்சில் பெரும்பகுதி காணிப் பத்திரமும் கடன் கணக்கும். உயிலில் தந்தை மகனுக்கு எழுதிவைத்தது நோவா ஸ்கோஷியாவில் இருந்த நிலவுரிமை, ஏற்கெனவே மகன் கையில் இருந்த புத்தகங்கள், பழைய கடன்கள் தள்ளுபடி. இவ்வளவுதானா என்று யாரும் கேட்கக்கூடாதென்று, போரில் எனக்கெதிராக அவன் நடந்துகொண்டதே காரணம் என்ற பொருளில் ஒரு விளக்கமும் சேர்த்தார். உலகமே மெச்சிய சமரசப் பேச்சாளர் அவர்! அந்த இடத்தில் எனக்கு இன்றும் பெஞ்சமின் மேல் கோபம்தான். மாஸ்டர் கோபப்படவில்லை. “உயில் எழுதும்போது எல்லோரும் வழக்கறிஞர்கள்” என்றதோடு சரி.

ஜோர்ஜியாவில் தோமஸ் பிரவுன் என்ற இளைஞனை 1775 ஓகஸ்ட்டில் கூட்டமாக வந்து மரத்தில் கட்டிப் பாதங்களை நெருப்பில் வாட்டினார்கள். பிரித்தானியாவுக்கு எதிரான சங்கப் பத்திரத்தில் கையெழுத்திட மறுத்ததுதான் குற்றம். கால் விரல்களை இழந்த அந்த மனிதர் பிறகு மன்னனுக்காக ஒரு படை நடத்தி, எதிர்த்தரப்பைப் பழிதீர்த்தார். 1780 ஒக்டோபர் 7ஆம் தேதி கிங்ஸ் மவுண்டன் குன்றில் ஒரு மணி நேரச் சண்டை. இரு பக்கமும் சேர்த்து இரண்டாயிரம் பேர் மோதினார்கள். மன்னன் படையை நடத்திய மேஜர் பெர்குசன் மட்டுமே பிரித்தானியர். மற்ற அத்தனை பேரும் அந்த மண்ணின் குடியேறிகள். வென்றவர்கள் ஒரு வாரம் கழித்துக் கைதிகளில் ஒன்பது பேரை மரத்தில் தூக்கிலிட்டார்கள்.

அந்தக் காலத்தில் கல்லூரிக்கு வரும் வழியில் சுவர்களில் ‘துரோகி’ என்ற சொல்லை நாங்கள் தினமும் வாசித்துக்கொண்டுதான் வந்தோம். மாஸ்டர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. வாசலில் நின்று வீதியை ஒருமுறை பார்த்தார், பெட்டியை மூடினார், அவ்வளவுதான். எனக்கு அவர் புள்ளியைக் கூட்டிப் போடவும் இல்லை.

பாடத்தில் எங்கள் ஊரும் ஒரு ஓரமாக வந்தது. அதே போரின் ஒரு துண்டு திருகோணமலையில் நடந்தது: 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பறித்தார்கள், ஓகஸ்ட் இறுதியில் அதைப் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் பறித்தார். போரை நடத்தித் தோற்ற பிரதமர் நோர்த் பிரபுவின் மகன்தான் 1798இல் இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநராக வந்த பிரெடரிக் நோர்த். அமெரிக்காவைத் தவறவிட்ட அப்பனின் மகன் கையில் நாங்கள் அகப்பட்டோம் என்பார் மாஸ்டர்.

பிறகு நடந்தது உங்களுக்கும் நடந்ததுதான். நான் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு நாள் அரசாங்க அலுவலகமொன்றில் வரிசையில் நின்றபோது ஒன்ராறியோ மாகாணத்தின் சின்னத்தில் இருந்த லத்தீன் வாசகம் கண்ணில் பட்டது. வீட்டுக்கு வந்து அர்த்தம் பார்த்தேன்: விசுவாசமாகத் தொடங்கினாள், விசுவாசமாகவே நிலைக்கிறாள். யாருக்கு விசுவாசம்? அப்போதுதான் உறைத்தது. நான் கட்டுரையில் ஒரே வரியில் தள்ளிவிட்டவர்கள் வந்து குடியேறிய மாகாணம் இது. இதன் முதல் துணை ஆளுநர் சிம்கோ, மன்னன் பக்கம் நின்ற குடியேறிகளின் படையொன்றுக்குத் தளபதியாக இருந்து யோர்க்டவுனில் சரணடைந்தவர். ஸ்காபரோ என்று பெயர் வைத்தது 1793இல் அவர் மனைவி எலிசபெத்.

இங்கு வந்து படித்ததில் மாஸ்டர் சொல்லாமல் விட்டதும் இருந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. சுருட்டுப் பெட்டியில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. அடிமைகள் எந்தப் பக்கம்? 1775இல் வேர்ஜீனியாக் கவர்னர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் மன்னன் படைக்கு வந்து சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் ஓடிப் போனார்கள். 1783இல் நியூயோர்க்கிலிருந்து கப்பலேறிய கறுப்பர்களின் பெயர்ப் பதிவேட்டில் 3,000 பேர். அவர்களுள் ஒருவர் வாஷிங்டனின் பண்ணையிலிருந்து தப்பிய ஹரி வாஷிங்டன். சுதந்திரம் தேடியவன் மன்னனிடம் ஓடினான். இதை எந்தச் சீட்டில் எழுதுவது? மன்னனின் கருணை என்றும் எழுத முடியாது, ஏனென்றால் மன்னன் பக்க எசமானர்கள் தங்கள் அடிமைகளை அடிமைகளாகவே கனடாவுக்குக் கொண்டுவந்தார்கள். பூர்வகுடிகளான இறொக்குவா கூட்டமைப்பின் ஆறு தேசங்களும் பிளந்தன: மோஹாக்கியர் பெரும்பாலும் ஜோசப் பிராண்ட் பின்னால் மன்னனோடு, ஒனைடாவினர் பெரும்பாலும் அமெரிக்கரோடு. சமாதான ஒப்பந்தத்தில் இரு பகுதியாருக்கும் ஒரு வரிகூட இல்லை.

மன்னன் பக்க வெள்ளையருக்காவது சில வரிகள் இருந்தன: பறித்த சொத்துகளைத் திருப்பிக் கொடுக்கும்படி மாநிலங்களுக்குக் காங்கிரஸ் மனமாரப் பரிந்துரைக்கும் என்று. மாநிலங்கள் பெரும்பாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அறுபதினாயிரம் பேர் அளவில் நாட்டை விட்டுப் போனார்கள். லண்டனில் ஆணைக்குழு அமைத்து 3,225 இழப்பீட்டு மனுக்களை விசாரித்தார்கள். வீடு, ஏக்கர், மாடு என்று ஒவ்வொன்றாக எழுதிச் சாட்சி கூட்டிவர வேண்டும். படிவம் நிரப்பிய அனுபவம் உள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

போன கோடையில், 1784 ஜூன் 16ஆம் தேதி அவர்களில் ஒரு கூட்டம் கரையிறங்கிய அடொல்பஸ்டவுனுக்குப் போனேன். கார் ஓட்டியது அதே வாங்குத் தோழன். அவன் மார்க்கம் நகரில் இருக்கிறான். நடுவில் பல ஆண்டுகள் நாங்கள் வேறு வேறு கூட்டங்களுக்குப் போனோம். ஒரே கல்யாண வீட்டில் இருந்தாலும் வேறு வேறு மேசை. நம் மாஸ்டரின் மரணச் செய்திதான் மறுபடி தொலைபேசியை எடுக்க வைத்தது.

கரையோரம் அமைதியாக இருந்தது. குடும்பத் தலைவனுக்கு 100 ஏக்கர், மற்ற ஒவ்வொருவருக்கும் 50. முந்தின ஆண்டுதான் மன்னன் தரப்பு மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து வாங்கிய நிலம் அது. பெரும் மரங்களை வெட்டக் கொடுத்ததோ குட்டைப் பிடிக் கப்பற்கோடரி. எந்தத் துண்டு யாருக்கு என்பதை எப்படித் தீர்மானித்தார்கள் தெரியுமா? இலக்கம் எழுதிய சீட்டுகளைத் தொப்பியில் போட்டு எடுக்கச் சொன்னார்கள்.

திரும்பும்போது கிளெனோராப் படகில் ஏறினோம். காசு வாங்காமல் காரையும் ஏற்றிக்கொள்ளும், கால் மணி நேரப் பயணம். ஊரில் ஓடும் காரைநகர்ப் பாதைப் படகின் பெரிய அண்ணன் என்றான் அவன். தொப்பியைப் பற்றிச் சொன்னேன். சிரித்துவிட்டுச் சற்றுநேரம் தண்ணீரைப் பார்த்தான்.

“மச்சான், அன்றைக்கு எனக்கு வந்தது வெறுஞ்சீட்டு.”

“நீ காங்கிரஸ் பக்கம் அல்லவா நின்றாய்?”

“உன்னிடம் பென்சில் வாங்கி நானே எழுதினேன்.”

“ஏன்?”

“உன் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டேன்.”

படகு கரையில் முட்டியது. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான்.