பச்சை பூத்த ரூபாய்கள்

பழைய நாணயக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஆல்பம் கேட்டு வந்தார். தடித்த அட்டையும் பளபளக்கும் மெல்லிய உறைகளும் கொண்ட ஒன்றை நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ஆறு ஆண்டுகள் கழித்து அதே ஆல்பத்தைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார்.

"தம்பி, நான் இவற்றைக் கையால்கூடத் தொட்டதில்லை. ஏன் இப்படிக் களிம்பு ஏறியிருக்கிறது?"

உள்ளே இருந்தவை ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய்கள். பக்கத்தைத் திருப்பியதும் புது மழைக்கோட்டு வாடை அடித்தது. நாணயங்களின் மேல் பிசுபிசுப்பான பச்சைப் படலம். அந்த உறைகள் பிவிசி என்னும் பிளாஸ்டிக்கில் செய்தவை. அது வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கப்படும் எண்ணெய்ப் பசை நாளடைவில் கசிந்து வெளியே வருகிறது. பிளாஸ்டிக் சிதையத் தொடங்கினால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்துகொள்கிறது. அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 சதவீதம். மிச்சமிருக்கும் செம்பைத்தான் அமிலம் பிடிக்கிறது, பச்சை அங்கிருந்துதான் வருகிறது. சென்னையின் வெக்கைக்கும் ஈரக்காற்றுக்கும் இது இன்னும் விரைவாக நடக்கும்.

நான் பஞ்சை எடுத்ததைப் பார்த்த கடைக்கார அண்ணாச்சி, "தேய்க்காதே, ஊற வை" என்றார். கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி ஒவ்வொன்றாக இறக்கினோம். படலம் கரைந்தது. பெரும்பாலானவை பிழைத்தன. ஒரு 1918 ரூபாயில் மட்டும் அரசரின் கன்னம் பொடிப் பொடிக் குழியாக அரித்திருந்தது. அந்த ஆல்பத்தைக் கொடுத்தவன் நான்தான் என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மீதியை நல்ல உறையில் போட்டுக் கொடு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து உறையை முகர்ந்து பார்க்காமல் யாருக்கும் விற்றதில்லை. பிவிசிக்குப் பதில் நான் எடுத்துக் கொடுக்கும் மைலார் என்ற பிளாஸ்டிக் உறை விறைப்பாக இருக்கும், சரசரக்கும், மடிப்பில் எளிதில் கிழியும். மென்மையான உறைதான் வேண்டும் என்பவர்களிடம் பொறுமையாக வாதாடுகிறேன். நாணயத்தை நடுவில் வைத்து மடித்து ஸ்டேப்பிள் அடிக்கும் அட்டை ஹோல்டர் என்றால், அந்தக் கம்பியைக் குறடால் தட்டையாக அழுத்திவிடுவேன். இல்லாவிட்டால் அது பக்கத்து நாணயத்தைக் கீறிவிடும்.

இதைவிட என்னை வருத்துவது புளி. விற்பதற்கு முன்பு பளிச்சென்று ஆக்க வேண்டும் என்று 1835 கால் அணாவைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவருகிறார்கள். பல தலைமுறைகளில் படிந்த பழுப்பு நிறம் செம்புக்கு ஒரு தோல். உரித்துவிட்டால் எந்த மருந்தாலும் அதை மீட்க முடியாது.

ஈயத்தின் குணம் வேறு. கப்பல் பொறித்த சாதவாகன ஈயக் காசு ஒன்றைப் புது மரப்பெட்டியில் வைத்திருந்த ஒருவர், அது வெள்ளைப் பொடியாக உதிர்கிறது என்று ஓடிவந்தார். மரத்திலிருந்து எழும் அமில ஆவிக்கு ஈயம் தாங்காது. பெட்டி அவர் ஆசையாகச் செய்யச் சொன்னது. அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

இப்போது கடை அலமாரியில் ஒவ்வொரு தட்டிலும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளை வைத்திருக்கிறோம். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தினமும் காலையில் முதலில் அந்தத் தட்டுகளைத்தான் இழுத்துப் பார்க்கிறேன், நீல மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகிவிட்டனவா என்று.