நோவாவின் பேழையும் நக்கிள்ஸ் தவளையும்

போன கிழமை சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டார். துருக்கியில் அரராத் மலைப் பக்கம் படகு வடிவில் ஒரு மண்மேடு, பின்னால் இடி இடிக்கிற மாதிரி ஒரு குரல், தலைப்பில் 'நோவாவின் பேழை கிடைத்துவிட்டது, விஞ்ஞானிகள் வாயடைத்துப் போனார்கள்'. இந்த மேடு எனக்குப் பழைய சிநேகிதம். 1959இல் துருபினார் என்ற துருக்கி இராணுவக் கப்டன் விமானப் படங்களில் கவனித்தது. அது இயற்கையாக உருவானதுதான் என்று புவியியலாளர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள், ஆனாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க, அது சுற்றிச் சுற்றிக் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து சேரும்.

வழக்கமாக இரண்டு கும்பிடும் கையைப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில்தான் ஞாயிறு பாடசாலையில் அதே கதையை, உலகத்தை அழித்த வெள்ளத்தில் நோவாவின் குடும்பமும் மிருகங்கள் சோடி சோடியாகவும் பேழையில் ஏறித் தப்பி அரராத் மலையில் இறங்கிய கதையை, படிப்பித்து, ஒன்பது வயதுப் பொடியன் ஒருவனிடம் நன்றாக மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். கை சும்மா இருக்கவில்லை. 'சித்தப்பா, அப்ப தவளை எப்படி வந்தது?' என்று எழுதிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது.

தவளை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் மட்டையில் பேழை வெட்டி மிருகப் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். யானை, ஒட்டகச்சிவிங்கி, கங்காரு, வழக்கமான கூட்டம்தான். இவன் மட்டும் பசையை விரலில் உருட்டிக்கொண்டு சும்மா இருந்தான். தகப்பனோடு கண்டிப் பக்கம் நக்கிள்ஸ் மலைக்குப் போனபோது இலையில் விரல் நகம் அளவில் ஒரு தவளையைப் பார்த்தானாம், அது உலகத்திலேயே அந்த மலையில் மட்டும்தான் இருக்கிறது என்று கூட்டிப்போனவர் சொன்னாராம். "அது எப்படி டீச்சர் அவ்வளவு தூரம் நடந்து வந்தது?" கர்த்தரால் எல்லாம் முடியும் என்று சொல்லித் தப்பினேன். அவன் தலையாட்டிவிட்டுத் திரும்பப் பசையை உருட்டத் தொடங்கினான். பெரியவர்கள் மழுப்பும்போது பிள்ளைகள் ஒரு மரியாதைக்குத் தலையாட்டுவார்களே, அது.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், அந்தப் பொடியன் நினைத்ததைவிடக் கேள்வி பெரியது. இலங்கையில் 100க்கும் மேற்பட்ட தவளை இனங்கள் இருக்கின்றன, அவற்றில் மிகப் பெரும்பாலானவை வேறெங்கும் கிடையாது. அதிலும் புதர்த் தவளைகள் என்ற கூட்டம் ஒன்று இருக்கிறது. இவை குளத்துக்கோ ஆற்றுக்கோ போய் முட்டையிடுவதில்லை. ஈர மண்ணிலோ இலையிலோ இடும், வாற்பேத்தைப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்து, நெல்மணி மாதிரி ஒரு குட்டித் தவளை நேரே வெளியே வரும். ஈரம் காய்ந்தால் முட்டை போச்சு. உப்புத் தண்ணீரில் நின்றால், தோலால் தண்ணீரை உறிஞ்சும் பிராணியாகையால், தவளையும் போச்சு. சில இனங்கள் ஒரே ஒரு மலைத்தொடரில் மட்டும் வாழ்கின்றன, பக்கத்து மலையில் தேடினாலும் கிடையாது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இதற்கு அடுத்த விஷயம். கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்கு நீரிணை ஆழமே இல்லாத கடல், ஆகவே மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவில் வெறும் தரைதான். இது ஒரு தடவை நடந்ததில்லை, பனியுகம் வந்து வந்து போகிற போதெல்லாம் பல ஆயிரம் வருஷங்களுக்குத் தரை திறந்து கிடந்தது. யானை வந்தது, சிறுத்தை வந்தது. ஆனால் மழைக்காட்டுத் தவளைகளும் நன்னீர் நண்டுகளும் அந்த வழியாக அவ்வளவாகப் போய்வரவில்லை என்று 2004இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. நடுவில் இருந்தது வறண்ட சமவெளி, தவளைக்கு அது பாலைவனம் மாதிரி. பாலம் போட்டுக்கொடுத்தும் இராமேஸ்வரத்திலிருந்து இங்கே வராத ஒரு கூட்டத்தை, துருக்கி மலையில் இறக்கிவிட்டு, ஈரான் வழியாக நக்கிள்ஸுக்குத் தத்தி வரச் சொல்கிறோம். (அந்தத் தரையின் மிச்சத்துக்கு ஆதாம் பாலம் என்று பெயர் வந்தது வேறு பகிடி.)

இது இன்றைய நாத்திகர்கள் கிளப்பிய கேள்வி என்று நினைத்தால் பிழை. ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் அகுஸ்தீனார், திருச்சபையின் பெரிய இறையியலாளர், இதே இடத்தில் நின்று தலையைச் சொறிந்திருக்கிறார். வெள்ளத்துக்குப் பிறகு தூரத் தீவுகளுக்கு ஓநாய்கள் எப்படிப் போயின? கிட்ட இருந்தால் நீந்தியிருக்கலாம், மனிதர்கள் வேட்டைக்காகக் கொண்டுபோயிருக்கலாம், தேவதூதர்கள் கொண்டுபோய் விட்டிருக்கலாம். தவளை அவருக்குப் பிரச்சினையாகவே இல்லை, ஏனென்றால் தவளை மண்ணிலிருந்து தானாகப் பிறக்கும் என்பது அந்தக் காலத்து அறிவு. கொடுத்துவைத்த மனிதர்.

சரி, போனுக்கு வருவோம்.

"பிள்ளை, நீ வேதத்தை ஒழுங்காப் படிக்கேல்ல. எல்லா இனத்தையும் ஏத்தத் தேவையில்லை. ஜாதிக்கு ஒரு சோடி போதும்." சித்தப்பா சும்மா கதைக்கிற ஆள் இல்லை, இதையெல்லாம் வாசித்து வைத்திருக்கிறார். அமெரிக்காவில் கென்டக்கியில் 2016இல் 510 அடி நீளத்துக்கு ஒரு பேழை கட்டித் திறந்தார்கள் அல்லவா, அவர்களுடைய கணக்கும் இதுதான்: சுமார் 1,400 'ஜாதிகள்', 7,000க்கும் குறைந்த மிருகங்கள், அதற்கு இடம் தாராளம். எங்கள் தமிழ் வேதாகமமும் 'ஜாதியின்படியே' என்றுதான் சொல்கிறது, தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்பதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.

பூனை ஜாதி என்று ஒரு சோடி ஏறியது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்துதான் ஆபிரிக்கச் சிங்கம், வங்கப் புலி, யாலச் சிறுத்தை, கொழும்புச் சதுப்பு நிலங்களில் இரவில் திரியும் மீன்பிடிப் பூனை, எங்கள் மாடிப்படியில் படுத்திருக்கும் கடுவன் எல்லாம் வரவேண்டும். பதினேழாம் நூற்றாண்டுப் பேராயர் அஷர் போட்ட கணக்கில் வெள்ளம் வந்தது கிமு 2348. அதற்கு முன்னும் பின்னும் எகிப்தியர்கள் சிங்கத்தையும் சிறுத்தையையும் வேறு வேறாகவே வரைந்திருக்கிறார்கள், ஆகவே ஒரு சில தலைமுறைக்குள் இந்தப் பிரிவினை முடிந்திருக்க வேண்டும். உயிரியலாளர்கள் பூனைக் குடும்பத்துக்கு ஒரு கோடி வருஷம் கேட்கிறார்கள். பரிணாமத்தை மறுக்கப் போனவர்கள் டார்வின் கனவிலும் நினைக்காத வேகத்தில் பரிணாமத்தை ஓடவிடுகிறார்கள். இதைச் சொன்னபோது சித்தப்பா, "அது பரிணாமம் இல்லை, வேறுபாடு" என்றார். சரி, பெயர் எதுவாக இருந்தால் என்ன.

இன்னொன்றும் சொன்னார்: இரத்தினபுரியில் மாணிக்கக் குழி தோண்டும்போது நீர்யானைப் பல்லும் காண்டாமிருக எலும்பும் வருகின்றனவே, அது வெள்ளம் அடித்துக்கொண்டு வந்தது இல்லையா? உண்மைதான், வருகின்றன. இலங்கை விலங்கியலாளர் தெரணியகல 1939இல் அப்படிக் கிடைத்த பற்களை வைத்துத்தான் இலங்கையிலும் சிங்கம் வாழ்ந்தது என்று எழுதினார். ஆனால் சரளைக் கற்களையும் எலும்புகளையும் நோவாவின் வெள்ளத்துக்கு எழுதிவைக்கும் வழக்கத்தை இங்கிலாந்துப் புவியியலாளர்களே கைவிட்டு இருநூறு வருஷமாகப் போகிறது. அடம் செட்ஜ்விக் என்ற குருவானவர், கேம்பிரிட்ஜ் பேராசிரியர், 1831இல் புவியியல் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, தான் அதுவரை சொல்லிவந்தது பிழை என்று எல்லோர் முன்னாலும் திரும்பப் பெற்றார். அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை.

மிருகங்களை விடுங்கள், மனிதர்கள் விஷயம்தான் எனக்கு நெஞ்சில் குத்துவது. சின்ன வயதில் எங்களுக்குப் படிப்பித்த ஒருவர், கரும்பலகையில் நோவாவின் மகன்மார் சேம், காம், யாப்பேத் என்று மூன்று கோடு இழுத்து, வெள்ளைக்காரர் யாப்பேத்தின் பிள்ளைகள், நாங்கள் காமின் பிள்ளைகள், அதனால்தான் கறுப்பு என்று சொன்னார். எனக்கு எட்டு வயது. தங்கச்சி நல்ல வெள்ளை, நான் அம்மம்மாவின் நிறம். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம், அப்ப தங்கச்சி யாருடைய பிள்ளை என்று கேட்டு அடி வாங்கினேன். காமை நோவா சபித்தார் என்பதுதான் இதற்கு ஆதாரமாம். ஆதியாகமத்தைத் திறந்து பாருங்கள், சாபம் விழுந்தது காமின்மேல்கூட இல்லை, அவன் மகன் கானான்மேல். தோலின் நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் கிடையாது. ஆனாலும் ஆபிரிக்கரை அடிமையாக விற்றவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இந்த அதிகாரத்தைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

மரபணுவும் அந்த மூன்று கோட்டுக்கு அடங்குவதாக இல்லை. தோல் நிறத்தை வெளுக்கச் செய்யும் மரபணு மாற்றங்களில் ஒன்று ஐரோப்பாவிலும் இருக்கிறது, எங்கள் ஆட்களிடமும் பரவலாக இருக்கிறது, ஒரே வயிற்றில் பிறந்த தங்கச்சிக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்காமல் போவது அதற்குப் பெரிய விஷயமே இல்லை. மனித மரபணு வேறுபாடு ஆகக் கூடுதலாக இருப்பது ஆபிரிக்காவில். ஆபிரிக்கா நோவா குடும்பத்தின் ஒரு கிளையாக இருந்திருந்தால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். சீனர், வெள்ளைக்காரர், நாங்கள், எல்லோரும் சேர்ந்து ஆபிரிக்க மரத்தின் ஒரு கொப்பு.

சித்தப்பாவிடம் சொல்லாமல் விழுங்கிய விஷயம் ஒன்று இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி மாற்றுச் சிகிச்சை வரை போனது. சகோதரங்கள் நான்கு பேரும் இரத்தம் கொடுத்தார்கள், சபையிலிருந்தும் இரண்டு பேர் முன்வந்தார்கள். முடிவுத் தாள்களை வாங்கிவந்தது நான். உறுப்புப் பொருந்துமா என்று பார்க்கும் திசு வகைப் பரிசோதனை அது (இரத்த வகை இல்லை): ஏ, பி, டிஆர் என்று மூன்று வரி, ஒவ்வொரு வரியிலும் இரண்டு இலக்கம், ஒன்று தகப்பனுடையது, மற்றது தாயுடையது. ஆஸ்பத்திரி வாங்கில் இருந்துகொண்டு பேனையால் ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தேன். சபை ஆட்களோடு ஒன்றுகூடச் சரிவரவில்லை. அப்பாவோடு பாதி. மாமியோடு ஆறும் ஆறு. கூடப்பிறந்தவர்களுக்குள் அப்படி முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான். மாமியின் சிறுநீரகத்தோடுதான் சித்தப்பா இன்றைக்கு வீடியோ அனுப்புகிறார்.

இப்போது பேழைக்குள் எண்ணிப் பாருங்கள். எட்டுப் பேர், ஆனால் மூன்று மகன்மாரிடம் இருப்பது அம்மா அப்பா கொடுத்ததுதான். நோவாவிடம் இரண்டு, மனைவியிடம் இரண்டு, மருமகள்மார் மூவரிடம் ஆறு. ஒரு வரிக்கு மொத்தம் 10 வகை, அதற்குமேல் வழியில்லை. அந்தப் பி வரியில் மட்டும் இன்றைக்கு உலகத்தில் அறியப்பட்ட வகைகள் ஆயிரக்கணக்கில். 4,300 வருஷத்தில் அவ்வளவும் புதிதாக முளைக்காது. போதாததற்கு இந்த வகைகளில் சில பழைய பரம்பரைகள் சிம்பன்சியிடமும் இருக்கின்றன. மிருகங்கள் ஒரு சோடி மட்டும் தப்பியிருந்தால் வரிக்கு நாலே நாலுதான். அப்படி ஒடுங்கிப்போன ஒரு பிராணி உண்மையிலேயே இருக்கிறது, ஆபிரிக்காவில் வேகமாக ஓடும் சீட்டா (எங்கள் சிறுத்தை வேறு). 1980களில் உறவில்லாத சீட்டாக்களுக்குள் தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள், உடம்பு அதை அந்நியம் என்று உடனே தள்ளவில்லை. பேழைக் கதை நடந்தபடியே நடந்திருந்தால் எலி முதல் பன்றி வரை எல்லாம் சீட்டா மாதிரி இருக்க வேண்டும்.

அப்ப உள்ளூர் வெள்ளமா? எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா வெல்லம்பிட்டியில் இருப்பவர். 2016 மே மாதம் களனி கங்கை ஏறியபோது இரண்டு இரவு கூரைத் தகட்டின்மேல் இருந்தார், பக்கத்தில் ஒரு ஆடும் யாருடையதோ இரண்டு நாயும். "உலகமே தண்ணிக்குள்ள போச்சு" என்றுதான் இன்றைக்கும் சொல்வார். எபிரேயத்தில் பூமிக்கும் நாட்டுக்கும் ஒரே சொல் என்பதால் பலர் இந்த விளக்கத்தில் போய் நிற்கிறார்கள். எனக்கு அதிலும் திருப்தி இல்லை. உள்ளூர் வெள்ளம் என்றால் பேழை எதற்கு, நோவா மூட்டையைக் கட்டிக்கொண்டு மேட்டுக்குப் போயிருக்கலாமே, பறவைகளை ஏன் ஏற்ற வேண்டும்? மெசொப்பொத்தேமியாவில் பழைய வெள்ளக் கதை ஒன்று களிமண் பலகைகளில் இருந்தது, இஸ்ரவேலர் அதை எடுத்துத் தங்கள் கதையாக்கினார்கள் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அந்தப் பழைய கதையில் மனிதர் போடும் சத்தத்தில் தெய்வத்துக்கு நித்திரை வரவில்லை, அதனால் வெள்ளம். ஆதியாகமத்தில் பூமி கொடுமையால் நிறைந்ததால் வெள்ளம். கதையை மாற்றியவர் எதை மாற்றினார் என்று பார்க்கும்போதுதான் எனக்கு அந்த அதிகாரம் திறக்கிறது. அடுத்த ஞாயிறு பொடியனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், முதலில் தவளை நடந்து வரவில்லை என்றாவது சொல்லிவிட வேண்டும்.

நேற்றிரவு சித்தப்பா திரும்ப எடுத்தார். சாப்பாடு, மருந்து, மாமியின் முழங்கால் எல்லாம் விசாரித்து முடித்தபின் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீ சொன்னதைப் பார்த்தன் பிள்ளை. தவளைக்கு மட்டும்தான் பதில் இல்லை. மற்றதெல்லாம் சரி" என்றார். வைத்த கையோடு குழுவில் அடுத்த வீடியோ வந்து விழுந்தது.