ஐஇஎல்டிஎஸ் கட்டுரை: 6-ஐத் தாண்டிய கதை

வெளிநாட்டில் படிக்கவோ வேலைக்குப் போகவோ எழுதும் ஆங்கிலத் தேர்வு ஐஇஎல்டிஎஸ்; பகுதிக்கு 9 மதிப்பெண் வரை உண்டு. கேட்டல், வாசித்தல், பேச்சு மூன்றிலும் எனக்குத் தொல்லை இருந்ததில்லை. எழுத்துப் பகுதிதான் 6-ஐத் தாண்ட மறுத்தது. விடைத்தாள் திரும்பி வராது; எங்கே மதிப்பெண் போனது என்றும் சொல்ல மாட்டார்கள். சான்றிதழில் ஒற்றை எண் மட்டும் இருக்கும். யாரிடம் போய்க் கேட்பது?

பயிற்சி மையத்தில் கைநிறையப் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தது ஒரே ஓர் அச்சுதான். எந்தத் தலைப்பு வந்தாலும் “இது இருமுனைக் கத்தி” என்று தொடங்கு, நன்மைக்கு ஒரு பத்தி, தீமைக்கு ஒரு பத்தி, “இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்” என்று முடி. “பல்கலைக்கழகக் கட்டணம் முழுவதையும் மாணவரே கட்ட வேண்டும், எவ்வளவு தூரம் உடன்படுகிறீர்கள்?” என்று என் கருத்தைக் கேட்கும் கேள்விக்கும் இதே அச்சுதான். கருத்தைச் சொல்ல அதில் இடமே கிடையாது.

என்னைக் காப்பாற்றியது தேர்வு நடத்துபவர்களே இலவசமாக வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு அட்டவணை. அளவுகோல்கள் நான்கு, நான்குக்கும் சம மதிப்பு. சொல்வளமும் இலக்கணமும் பாதிதான். மீதிப் பாதி, கேள்விக்குப் பதில் சொன்னோமா, கோவையாகச் சொன்னோமா என்பது. 7 வேண்டுமென்றால் நம் நிலைப்பாடு முதலிலிருந்து கடைசிவரை தெளிவாகத் தெரிய வேண்டும். மையத்தில் அந்த அட்டவணையை யாரும் கண்ணில் காட்டவில்லை. சொற்பட்டியல் மட்டும் கத்தை கத்தையாகக் கொடுத்தார்கள்.

பிறகு அதே கட்டணக் கேள்விக்கு இப்படி எழுதிப் பழகினேன். முன்னுரை இரண்டே வாக்கியம். இரண்டாவதில் “உடன்படவில்லை” என்று சொல்லிவிடுவது. அடுத்த பத்தியில் ஒரே காரணம்: செவிலியர் படிப்பின் பலன் படித்தவரோடு நிற்பதில்லை, மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் போகிறது. அதன் பிறகு எதிராளியின் வாதம். பட்டதாரி கூடுதலாகச் சம்பாதிக்கிறார், ஊர்ப்பணத்தில் ஏன் படிக்க வேண்டும்? நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொண்டு, கூடுதல் சம்பளத்துக்குக் கூடுதல் வரியும் கட்டுகிறாரே என்று அதே பத்தியில் திருப்பிவிட வேண்டும். எதிர்வாதத்தை எழுதிவிட்டு அந்தரத்தில் விட்டால் கட்சி மாறியதுபோல் ஆகிவிடும். முடிவுரையில் புதுக் காரணம் எதையும் நுழைக்கக் கூடாது.

இன்னொன்று: எழுத்துப் பகுதியில் 60 நிமிடத்தில் இரண்டு வேலை. ஒன்று வரைபட விளக்கம் அல்லது கடிதம், இன்னொன்று இந்தக் கட்டுரை. 250 சொல் கட்டுரைக்கு மற்றதைவிட இரட்டிப்பு மதிப்பு. அதை முதலில் எழுதுங்கள். கணினியில் எழுதினால் சொற்கணக்குத் திரையிலேயே தெரியும்.

7 வந்த மறுநாள் மையத்திலிருந்து போன். வாசல் ஃபிளெக்ஸில் போட என் புகைப்படம் வேண்டுமாம். அனுப்பவில்லை.